ஒன்று அல்லது இரண்டு

பட்டப்பெயர் வைப்பதில் அந்தச் சலவைக்கூடத்துக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. இஸ்திரி மேசையில் நிற்கிறவர் எந்நேரமும் உர்ரென்று இருப்பதால் அவருக்குப் பெயர் சிரிப்பு மாமா. கறை எடுக்கும் தொட்டியருகே நிற்பவளுக்குக் கறைக்காரம்மா. முதன்முதலில் கேட்கிறவர்கள் ஏதோ திட்டு என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அங்கே அதைவிட மரியாதையான பெயர் யாருக்கும் கிடையாது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் துணியில் இரத்தமோ, மையோ, துருவோ, எது ஒட்டியிருந்தாலும் அவள் விரலால் ஒரு தடவு தடவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, இதற்கு இன்ன மருந்து என்று சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னதுதான். சாயங்காலம் அந்தத் துணி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெள்ளையாக மடிந்து கிடக்கும்.

அளவெல்லாம் அவளுக்குக் கையில் இருந்தது. தொட்டிமேல் மூன்று குவளைகள் வைத்திருந்தாள்: முழுசு, அரை, கால். எழுத்தும் தெரியும், கொஞ்சம் நிதானமாகப் படிப்பாள். எண்ணவும் கூட்டவும் தெரியும். அதற்குமேல் கணக்கு என்று ஒன்று இருப்பது தெரியும்முன்பே வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால் அவளுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. தள்ளுவண்டிகளில் தொங்கும் அட்டையில் 'வெள்ளை/வண்ணம்' என்று அச்சடித்திருக்கும், நடுவில் ஒரு சாய்ந்த கோடு. எது பொருந்துமோ அதற்கு டிக் போடவேண்டும். ஆஸ்பத்திரி மூட்டையில் 'ஆண்/பெண்'. வேலையில் சேர்ந்த புதிதில் நிரப்பிக் கொடுத்த தாளில் 'ஆம்/இல்லை'. சாய்ந்த கோடு என்றால் 'அல்லது' என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு.

பிறகு புதிய இயந்திரங்கள் வந்தன. சோப்புத் திரவத்தையும் வெளுப்பானையும் தண்ணீரையும் எந்த விகிதத்தில் கலப்பது என்று திரையில் தட்டவேண்டும். குவளைக்கெல்லாம் அங்கே வேலையில்லை. கணக்கு தெரிந்தவர்களுக்கு இயந்திரம், தெரியாதவர்கள் துணி மடிக்கப் போகலாம் என்று சூப்பர்வைசர் அறிவித்தார். ஆனால் கம்பெனியே ஆள் வைத்துக் கற்றுக்கொடுக்கும், வேலை முடிந்ததும் சாப்பாட்டு அறையில் வகுப்பு என்றும் சொன்னார்.

"இத்தனை வயசுக்கு மேல எனக்கு என்னடி கணக்கு? துணி மடிச்சிட்டுப் போறேன்," என்றாள் வீட்டுக்கு வந்து.

"கறை எடுக்கற கையை மடிக்க விடுவாங்களா? ஒழுங்கா போ சித்தி," என்றாள் அக்கா மகள். "நான் கணக்குப் படிச்சவ. என் சித்திக்குக் கணக்கு வராதுன்னா எனக்குத்தானே அசிங்கம்?"

அந்த வீட்டில் இப்போது அவர்கள் இருவர்தான். முன்பு மூன்று பேர். அக்காவின் புருஷன் கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அக்காவும் தங்கையுமாக அந்தப் பெண்ணை வளர்த்தார்கள். அக்கா தையல் வேலை, தங்கை சலவை வேலை. தங்கை கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்தாகிவிட்டது, அதுவே போதும் என்று சிரிப்பாள். பெண் 'அம்மா' என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

சென்ற வருடம் அக்காவுக்கு இதயம் பலவீனம் என்று தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஒழுங்காகச் சாப்பிட்டால் நெடுநாள் ஓட்டலாம் என்றார். அதே சமயத்தில்தான் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. முதலில் வெளியூரில் பயிற்சி. போகமாட்டேன் என்று அழுதாள். இரண்டு அம்மாவும் சேர்ந்து திட்டித்தான் அனுப்பினார்கள். கிளம்பும் அன்று காலையில் பெட்டியைக்கூட மூடாமல், ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, சமையலறை இரும்பு அலமாரியின் கதவிலேயே மருந்து விவரம் எல்லாவற்றையும் குண்டு குண்டாக எழுதினாள். காகிதத்தில் எழுதினால் சித்தி தொலைத்துவிடுவாளாம். மாத்திரையின் பெயர், அதன் பக்கத்தில் 'காலை, சாப்பிட்ட பின்', அதன் பக்கத்தில் '1/2'.

சித்தி அதிலிருந்து ஒரு எழுத்தும் மீறவில்லை. அக்கா எழுந்து உட்கார்ந்து வம்பு பேசுகிற நாளில் ஒன்று கொடுத்தாள். மூச்சு வாங்கிப் படுத்தே கிடக்கிற நாளில் இரண்டு கொடுத்தாள். மாத்திரை தீரும்போதெல்லாம் கடைக்குப் போய் வாங்கி வந்தாள், காலி மாத்திரை அட்டையை நீட்டினால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். பெண் தினமும் போன் செய்து கேட்பாள்.

"மாத்திரை குடுத்தியா சித்தி?"

"குடுத்தாச்சு."

அவள் கேட்டது அவ்வளவுதான். இவள் சொன்னதும் அவ்வளவுதான்.

போகப் போக அக்காவுக்கு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. முடியாத நாட்கள் அதிகமாயின. ஒருநாள் படுக்கையில் இருந்தபடியே விரிப்பைத் தடவிக்கொண்டு, "என்னடி, ஊர்த்துணி எல்லாம் வெள்ளை வெளேர்னு துவைக்கறே, எனக்கு மட்டும் மஞ்சளா விரிச்சிருக்கே?" என்றாள்.

"மஞ்சளா? உன் கண்ணுலதான் கோளாறு. பால் மாதிரி இருக்கு."

"பாலும் மஞ்சளாத்தான்டி இருக்கு."

அக்கா எப்போதும் இப்படித்தான் சீண்டுவாள். இவளுக்குத் தொழில் ரோஷம். விரிப்பை உருவிக்கொண்டு போய், வெளுப்பான் போட்டு, மறுபடி அலசி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்து விரித்தாள். அக்கா பார்த்துவிட்டு, "இப்பவும் மஞ்சள்தான்," என்று சொல்லி, மூச்சு வாங்கச் சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். மூச்சு வாங்கியதால் மறுநாள் இரண்டு மாத்திரை கொடுத்தாள்.

அந்த வாரத்துக்குள் அக்கா போய்விட்டாள். இதயம் தாங்கவில்லை என்றார்கள். ஏற்கெனவே பலவீனமான இதயம்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். பெண் பயிற்சியிலிருந்து ஓடிவந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சித்தியின் தோளில் விழுந்து சொன்னது இதுதான்: "நீ இல்லேன்னா அம்மா இத்தனை நாள்கூட இருந்திருக்க மாட்டாங்க." அலமாரிக் கதவில் எழுதியதை அவள் அழிக்கவிடவில்லை. அம்மா இருக்கும்போது எழுதியது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அது அங்கேயே இருந்தது. சித்தி தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் டீத்தூள் எடுத்தாள்.

வகுப்பு எடுக்க வந்தவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். எல்லோரையும் 'நீங்க', 'வாங்க' என்றுதான் பேசினான். அவனுக்கும் உடனே கணக்குத் தம்பி என்று பெயர் விழுந்தது. முதல் நாள், உங்களுக்குக் கணக்கு என்றால் என்ன நினைவு வரும் என்று கேட்டான். வயிற்று வலி என்றார் சிரிப்பு மாமா, முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல். அறையே சிரித்தது.

தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சும்மா எண்களை எழுதிப் பயமுறுத்தவில்லை. துணி மூட்டையை வைத்துப் பெருக்கல் சொன்னான், இஸ்திரிச் சூட்டை வைத்துக் கூடுதல் குறைச்சல் சொன்னான். கறைக்காரம்மாவுக்கு ஆச்சரியம், எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்ததாக இருந்தது. பெயர்தான் தெரியவில்லை. மடமடவென்று விடை சொன்னாள். வீட்டுக்குப் போய்ப் பெண்ணிடம் ஒப்பித்தாள். பெண் கைதட்டினாள். அக்கா போனதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்தது அந்த நாட்களில்தான்.

அப்புறம் விகிதம் தொடங்கும் நாள் வந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் என்று சொல்லிவிட்டு, தம்பி பலகையில் ஒன்றை எழுதினான். 1/2.

"இது என்ன, யார் சொல்றீங்க?"

கறைக்காரம்மா கையைத் தூக்கினாள். இதைத் தெரியாதவர் உண்டா என்ற தோரணையில் சொன்னாள்: "ஒண்ணு அல்லது ரெண்டு."

சிரிப்பு மாமா முதன்முறையாகச் சிரித்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. அக்கா சொன்னதுல நியாயம் இருக்கு," என்றான் தம்பி. "வெள்ளை அல்லது வண்ணம்னு எழுதறப்போ இந்தக் கோட்டைத்தானே போடறோம்? ஆனா எண்ணுக்கு நடுவுல வந்தா இதுக்கு அர்த்தமே வேற. ஒண்ணை ரெண்டாப் பங்கு போட்டா அதுல ஒரு பங்கு. பாருங்க."

பலகையில் ஒரு வட்டம் போட்டான். வட்டத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தான். ஒரு பக்கத்தைச் சாக்பீஸால் நிரப்பி வெள்ளையாக்கினான்.

"இவ்வளவுதான். அரை. உங்க குவளையில இருக்கே, அதே அரை."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் சிரிப்பை விட்டு வர மறந்துபோய் அப்படியே நின்றது. அந்த வட்டத்தை அவளுக்குத் தெரியும். வெள்ளையாக, சின்னதாக, நடுவில் ஒரு கோட்டோடு. தினமும் காலையில் உள்ளங்கையில் உருட்டி அக்காவின் வாயில் போட்டது. நடுவில் எதற்குக் கோடு என்று ஒருமுறை யோசித்ததுகூட உண்டு. அழகுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல தம்பி. நீங்க நடத்துங்க."

அவன் நடத்தினான். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அரை தெரியாதவளா அவள்? காலையிலிருந்து சாயங்காலம் வரை அரை அரையாக அளந்து ஊற்றியவள். அந்தக் கதவில் 'அரை' என்று எழுதியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். எண்ணாக இருந்ததால் போயிற்று.

போகும் வழியில் ஒரு மருந்துக்கடை. வழக்கமாக வாங்கும் கடை இல்லை. உள்ளே போய் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். கடைக்காரர் சீட்டு கேட்டார்.

"வாங்க வரலைங்க. கேட்கத்தான் வந்தேன். எங்க அக்காவுக்கு எழுதியிருக்காங்க. தினம் அரை. அதை ஒண்ணு, சில நாள் ரெண்டுன்னு குடுத்தா என்ன ஆகும்?"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்படியெல்லாம் குடுக்கவே கூடாதும்மா. இது அளவு கொஞ்சம் தப்பினாலும் ஆபத்தான மருந்து. வாந்தி வருதா அவங்களுக்கு?"

"வருது."

"கண்ணுக்கு மஞ்சளாத் தெரியுதுன்னு சொல்றாங்களா? வெள்ளைப் பொருளெல்லாம் மஞ்சளா இருக்குன்னு?"

அவள் கடைக்காரரின் முகத்தையே பார்த்தாள். அவர் நல்ல மனிதர், உண்மையாகவே கவலைப்பட்டார்.

"சொன்னாங்க," என்றாள்.

"அப்ப உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க. சீக்கிரம் போனா சரி பண்ணிடலாம்."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தெருவில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. வண்டிகள் போயின, ஒரு கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகை என்பது தப்பு செய்யாதவர்களுக்கு உரியது என்று தோன்றியது. அந்த விரிப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. அக்கா பாவம், அவளுக்குத் தெரிந்த மொழியில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இவள்தான் ரோஷப்பட்டுக்கொண்டு துணியைத் துவைக்கப் போயிருக்கிறாள்.

இதயமே பலவீனம்தானே, எப்படியும் போயிருப்பாளோ என்று ஒருதரம் மனசு கெஞ்சிப் பார்த்தது. சீக்கிரம் போனால் சரி பண்ணிடலாம் என்று கடைக்காரர் சொன்னது அதை அப்படியே உட்காரவைத்துவிட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். பெண் வந்ததும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும். அவள் கத்தட்டும். அடிக்கக்கூடச் செய்யட்டும், வாங்கிக்கொள்ளலாம். வீட்டைவிட்டுப் போ என்றால் போய்விடலாம். சொல்லாமல் அவள் போட்டுக் கொடுக்கும் டீயை எப்படிக் குடிப்பது? 'நீ இல்லேன்னா' என்று அந்தப் பெண் சொல்லும்போது எந்த முகத்தோடு கேட்பது? சொல்லிவிட்டால் நெஞ்சின் பாரமாவது குறையும். இப்படி நினைக்க நினைக்க நடை வேகமாகியது, கிட்டத்தட்ட ஓடித்தான் வீட்டுக்கு வந்தாள்.

பெண் இன்னும் வரவில்லை. விளக்கைப் போட்டுவிட்டுப் போய் அலமாரி முன்னால் நின்றாள். கதவில் அந்த எழுத்து இருந்தது. அவசரத்திலும் எவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறாள். சின்ன வயதில் அக்கா அவள் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய அதே குண்டு எழுத்து. 1/2. ஒன்று கொஞ்சம் நிமிர்ந்து, கோடு சாய்ந்து, இரண்டு வாலை நீட்டிக்கொண்டு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுதிய கை யாருடையது?

சித்தி தப்பாகக் கொடுத்துவிட்டாள் என்று அந்தப் பெண் ஒருநாள் கோபப்படுவாள். மறுநாளோ அதற்கு மறுநாளோ அந்தக் கோபம் திரும்பி அவள் மேலேயே பாயும். நான்தானே எழுதினேன், கணக்குப் படித்த நான் 'அரை' என்று இரண்டு எழுத்து எழுதியிருந்தால் என்ன, தினமும் போன் செய்தேனே, எத்தனை கொடுத்தாய் என்று ஒருநாள் கேட்டேனா என்று தன்னையே தின்பாள். வயதும் சின்னது, இன்னும் எத்தனை காலம் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும் அவள்? வழியெல்லாம் நெஞ்சு பாரம் குறையும் என்று நினைத்துக்கொண்டு வந்தோமே, குறையாது, கைமாறும், அவ்வளவுதான் என்பது இவளுக்குப் புரிந்தது. அப்படி ஒரு பாரத்தைக் கைமாற்றி விடுவதற்கா அந்தக் குழந்தையை இடுப்பில் சுமந்து வளர்த்தாள்?

அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாள். மார்க்கர் மைக்கு அதுதான் மருந்து. பழந்துணியில் நனைத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கித் துடைத்தாள், கறை பரவாமல் எடுக்க அதுதான் முறை. மை கரைந்து நீலமாக ஒழுகியது. அதைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். வெறும் இரும்பு ஆகும்வரை துடைத்துவிட்டு, துணியைச் சோப்பில் அலசிப் போட்டாள்.

பெண் உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன சித்தி, வீட்டுக்கும் சலவைக்கூட வாசனையைக் கொண்டுவந்துட்டே?"

"அலமாரியைத் துடைச்சேன். ஒரே பிசுக்கு."

பெண் போய்ப் பார்த்தாள். கதவின் மேல் கையை வைத்தாள். "அழிச்சிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தினம் பார்க்க முடியலைடி."

அது பொய் இல்லை என்பதால் குரல் தடுமாறவில்லை. பெண் அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு, பேச்சை மாற்றலாம் என்று நினைத்தவள் போல, "இன்னிக்கு வகுப்புல என்ன?" என்றாள்.

"அரை, கால் எல்லாம் எண்ணுல எப்படி எழுதறதுன்னு."

"அதுதான் உனக்குத் தெரியுமே."

"குவளையில தெரியும். எண்ணுல எழுதினா எங்க தெரியும்? இன்னிக்குத்தான் தம்பி சொல்லிக்குடுத்தான்."

வார்த்தை வாயைவிட்டுப் போனபிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. பெண் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. எழுத்து இருந்த இடத்தைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதைச் சித்தி கண்ணால் பார்த்தாள்.

"சித்தி... நான் அன்னிக்கு இதுல எண்ணாத்தானே எழுதினேன்? உனக்குப் புரிஞ்சுதா அது?"

"புரியலை," என்றாள் சித்தி. "நீ பாட்டுக்கு எழுதி வெச்சிட்டு வண்டி ஏறிட்டே. நான் அதுல இருந்த மாதிரியே ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போய் மருந்துக்கடையில கேட்டேன். அரைன்னு சொன்னார். ஏன் அப்படின்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

"கேட்டியா?"

"கேட்காம குடுப்பேனா? என் அக்காடி."

பெண் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன் சித்தி," என்று சொல்லி அழுதாள், சிரிக்கவும் செய்தாள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"எப்படிக் குடுப்பே? சொல்லேன்," என்றாள் பெண், கண்ணை மூடிக்கொண்டு. அம்மாவைப் பற்றி எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் அவளுக்கு.

சித்தி சொன்னாள். காலையில் அக்கா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருப்பேன் என்றாள். அப்புறம் மாத்திரையைத் தட்டில் வைத்துக் கத்தியால் வெட்டுவேன் என்றாள்.

"கத்தி எதுக்கு? அதுல நடுவுல கோடு இருக்குமே. கையாலயே உடையும்."

"ஆமா," என்றாள் சித்தி. "அப்புறம்தான் அது தெரிஞ்சுது. கோட்டுமேல கட்டைவிரலை வெச்சு அழுத்தினா சரிபாதியா உடையும். ஒரு பாதியை அக்கா வாயில போடுவேன். மறு பாதியை மூடியில போட்டு வெப்பேன், மறுநாளைக்கு."